பம்ப் கிரிப் போட்ட நெர்ஃப் துப்பாக்கி மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

நெர்ஃப் என்பது ஃபோம் குண்டு சுடும் பொம்மைத் துப்பாக்கி, அந்தக் குண்டுக்குத்தான் டார்ட் என்று பெயர். இதில் ரிட்டாலியேட்டர் வகைத் துப்பாக்கிகளில் மேலே இருக்கும் ஸ்லைடை இழுத்துத் தள்ளினால்தான் அடுத்த டார்ட் ஏறும். அந்த ஸ்லைடுக்கு இரண்டு பக்கமும் கம்பியோ பட்டையோ கொடுத்து, பேரலின் மேல் ஓடும் ஒரு பி.வி.சி. பைப் துண்டோடு இணைத்துவிட்டால், முன்னால் பிடிக்கும் கையால் பைப்பை இழுத்துத் தள்ளியே சுடலாம். இதைத்தான் பம்ப் கிரிப் என்கிறோம். வெளிநாட்டில் இதற்கு ரெடிமேட் கிட் கிடைக்கிறது. இங்கே துப்பாக்கி வாங்குவதே பெரிய செலவு. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023ல் 70 ஆனது. கிட்டையும் வரவழைத்துப் போட நம் ஊரில் யாருக்கும் மனசு வராது. அதனால் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பசங்கள் ஹார்டுவேர் கடையில் பைப்பும், அலுமினிய ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெட்டுத்துண்டும் வாங்கி வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள். செய்து முடித்த பிறகு "மாமா, ஓடவே மாட்டேங்குது" என்று தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

கிரிப் புதிதாக எந்த வேலையும் செய்வதில்லை. ஸ்லைடில் இருந்த இழுப்பை இன்னொரு இடத்துக்கு மாற்றிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆகவே கேட்க வேண்டிய கேள்வியும் இரண்டுதான். அந்த இழுப்பு முழுத் தூரம் போய்ச் சேருகிறதா? நேராகப் போகிறதா? கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடியும். ஆனால் எல்லோரும் முதலில் எடுப்பது ஸ்க்ரூடிரைவரை. உடலைப் பிரித்துக் குட்டி ஸ்பிரிங்குகளைத் தரையில் கொட்டிவிட்டு, அப்புறம் தேடுகிறார்கள். பிரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதைப் பார்ப்பதானாலும் முதலில் டார்ட் உள்ளே இல்லை என்று உறுதி செய்யுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். சில மாடல்கள் மேகசின் (டார்ட் அடுக்கும் பெட்டி) இல்லாவிட்டால் பூட்டிக்கொள்ளும், அதனால் காலி மேகசினை மாட்டி வையுங்கள். ஜாம் எடுக்கும் கதவு திறந்திருந்தாலும் பல மாடல்கள் அசையாது. இதைப் பார்க்காமலே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தவர்கள் உண்டு.

முதல் சோதனை

கம்பியை ஸ்லைடோடு இணைக்கும் பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் திருகுகளை மட்டும் கழற்றி, பம்பை விலக்கிவிட்டு, பழையபடி ஸ்லைடைக் கையால் இழுத்துத் தள்ளுங்கள். கோளாறு இப்போதும் இருந்தால் விஷயம் துப்பாக்கிக்கு உள்ளே. மறைந்துவிட்டால் நீங்கள் செய்த பம்பில். இந்த ஒரு வேலை பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

பம்ப் விலகியிருக்கும்போதே இன்னொன்றையும் செய்துவிடுங்கள். ஸ்லைடு முழுக்க முன்னால் இருக்கும்போது உடலில் மாஸ்கிங் டேப் ஒட்டி ஒரு கோடு போடுங்கள், முழுக்கப் பின்னால் இழுத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைப்பட்ட தூரம்தான் உங்கள் துப்பாக்கியின் ஸ்ட்ரோக். பம்பை மாட்டிய பிறகும் ஸ்லைடு இந்த இரண்டு கோட்டையும் தொட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் ஏதோ ஒரு அறிகுறியாக அது வெளியே வரும்.

இழுக்கிறேன், "க்ளிக்" விழவில்லை

அதிகம் வரும் புகார் இது. பம்பைப் பின்னால் முழுக்க இழுத்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரை ஸ்லைடை இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளச் சொல்லுங்கள். அந்தக் கொஞ்சத்தில் க்ளிக் விழுந்துவிட்டால் ஸ்பிரிங்கும், இழுபட்ட ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்கும் கேட்ச்சும் நலம். உங்கள் பம்ப்தான் ஸ்லைடை முழுத் தூரம் கொண்டுபோகவில்லை.

ஏன் போகவில்லை என்று பார்க்க, பைப்பின் பின் விளிம்பு எங்கே போய் இடிக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மேகசின் மாட்டும் இடத்தின் முன்சுவரில் இடிக்கும், அல்லது கீழே தொங்கும் ஏதாவது ஒரு ரெயிலில். பிடிக்க வசதியாக இருக்கட்டும் என்று நீளமான பைப்பாகப் போட்டிருப்பார்கள். பேரலில் வெளியே தெரியும் நீளம், கிரிப்பின் நீளமும் ஸ்ட்ரோக்கும் சேர்ந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாக இருக்க வேண்டும். கிரிப் 11 செ.மீ., ஸ்ட்ரோக் 7 செ.மீ. என்றால் குறைந்தது 19 செ.மீ. வெற்றுப் பேரல் தேவை. அது இல்லையென்றால் கிரிப்பின் பின்பக்கத்தைக் கொஞ்சம் வெட்டுங்கள், அல்லது கம்பியை நீட்டி கிரிப்பை முன்னால் தள்ளுங்கள். பேரல் நுனியைத் தாண்டி கிரிப் வெளியே போகாத வரை இரண்டும் சரி.

எங்கேயும் இடிக்காமலே தூரம் குறைகிறதா? அப்படியானால் இழுப்பு வழியில் கசிகிறது. ஒரு விரலை ஸ்லைடு பிராக்கெட்டின் மேல் வைத்துக்கொண்டு பம்பை மெதுவாக அசையுங்கள். கிரிப் நகர ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஸ்லைடு நகர்கிறது என்றால் திருகு ஓட்டைகள் லூஸ். 4 மி.மீ. போல்ட்டுக்கு 5 மி.மீ. பிட் போட்டுத் துளைத்திருப்பார்கள், வீட்டில் அதுதான் இருந்தது என்று. முன் ஓட்டையில் ஒரு மில்லிமீட்டர், பின் ஓட்டையில் ஒரு மில்லிமீட்டர், பிராக்கெட் வளைவதில் இன்னும் ஒன்றிரண்டு. எல்லாம் சேர்ந்தால் கேட்ச் விழத் தேவையான கடைசித் தூரம் காணாமல் போய்விடும். இருபுறமும் வாஷர் வைத்து, நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் உள்ள, கழலாத நட்) போட்டு இறுக்குங்கள். சாதா நட் ஒரு விளையாட்டுக்குத் தாங்காது, அதிர்வில் கழன்று விழும். கிழிந்த ஓட்டையைச் சரிசெய்ய முயல்வதைவிட, அரை இஞ்ச் தள்ளிச் சரியான அளவில் புது ஓட்டை போடுவது மேல்.

பக்கத்தில் இருப்பவர் தள்ளியும் க்ளிக் விழவில்லை, பம்பைக் கழற்றிவிட்டுப் பார்த்தாலும் விழவில்லை என்றால்தான் உடலைத் திறக்க வேண்டும். கேட்ச்சுக்குப் பின்னால் ஒரு குட்டி ஸ்பிரிங் இருக்கும். முன்பு ஒருமுறை திறந்து மூடியவர்கள் அதை இடம் மாற்றி வைத்திருப்பார்கள், அல்லது வைக்காமலே மூடியிருப்பார்கள். திறக்கும்போது உள்ளே தெரியும் பெரிய பிளாஸ்டிக் பையொன்றுக்குள் கையை விட்டுத் திறங்கள், தெறித்தாலும் பைக்குள்ளேயே கிடக்கும். மேல் பாதியைத் தூக்கியதும் எதையும் தொடாமல் போனில் படம் எடுத்துவிடுங்கள். அந்தப் படத்தைவிட நல்ல கையேடு கிடைக்காது.

க்ளிக் விழுந்தது, டிரிக்கர் அழுந்தவில்லை

ஸ்லைடு முழுக்க முன்னால் வந்து சேரவில்லை என்று அர்த்தம். போல்ட் (டார்ட்டைக் குழாய்க்குள் தள்ளும் உள்பாகம்) மூடாமல் சுட்டுவிடக் கூடாது என்பதற்காகவே உள்ளே ஒரு பூட்டு வைத்திருக்கிறார்கள். டிரிக்கரை அழுத்தி உடைக்காதீர்கள். முன்கோட்டை ஸ்லைடு தொடுகிறதா என்று பாருங்கள்.

இழுக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருந்து, தள்ளும்போது மட்டும் குறைகிறது என்றால் குற்றவாளி கம்பி. சைக்கிள் ஸ்போக்கை வைத்துச் செய்பவர்கள் இதில் மாட்டுவார்கள். ஸ்போக் இழுப்புக்கு அருமையான பொருள், சைக்கிளில் அது செய்வதே இழுப்பு வேலைதான். தள்ளினால் நெளியும். வெறும் 2 மி.மீ. கனம், நல்ல நீளம், இரு முனையிலும் அழுத்தம் வரும்போது வெளிப்பக்கம் வில்லாக வளைந்து நிற்கும். அந்த வளைவு கூடக் கூட ஸ்லைடு பின்தங்குவதும் கூடும்.

இதற்கு இரண்டு வழி. கம்பியின் கனத்தை இரட்டிப்பாக்கினால் வளைவதை எதிர்க்கும் விறைப்பு 16 மடங்காகும். ஆக 2 மி.மீ. ஸ்போக்குக்குப் பதில் 4 மி.மீ. கம்பி போட்டாலே கதை முடிந்தது. கம்பியை மாற்ற மனமில்லை என்றால் நடுவில் ஒரு வழிகாட்டி வையுங்கள். பேரலின் பக்கவாட்டில் ஒரு சிறு கிளாம்ப்பை ஒட்டி, கம்பி அதன் வழியாக ஓடும்படி செய்தால் நெளியக்கூடிய நீளம் பாதியாகும். பாதியானால் அது நான்கு மடங்கு சுமை தாங்கும். அலுமினியப் பட்டை போட்டவர்களுக்கும் இதே கணக்குதான். 12 மி.மீ. அகலம், 3 மி.மீ. கனமுள்ள பட்டை மேலும் கீழும் வளையாது, பக்கவாட்டில் வெளியே பிதுங்கும். பசங்கள் மேலே இருந்து பார்க்காமல் பக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டு "நேராத்தான இருக்கு" என்பார்கள்.

கம்பி நெளியவில்லை, இருந்தும் முன்னால் சேரவில்லை என்றால் கிரிப்பின் முன் விளிம்பு பேரல் நுனியில் இருக்கும் தடிப்பில் இடிக்கலாம். அரத்தால் கொஞ்சம் உட்புறமாகத் தேய்த்து விடுங்கள்.

இறுக்கம், கோணிக்கொண்டு நிற்கிறது

பழைய மர மேசையின் டிராயரை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு நிற்குமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. கை பிடித்திருப்பது பேரலுக்குக் கீழே, இழுபட வேண்டிய ஸ்லைடு பேரலுக்கு மேலே. இரண்டுக்கும் உள்ள உயர வித்தியாசம் கிரிப்பைச் சாய்க்கப் பார்க்கும். கிரிப் நீளமாக இருந்தால் அந்தச் சாய்வைத் தாங்கும், குட்டையாக இருந்தால் விளிம்புகள் பேரலைக் கடித்துப் பூட்டிக்கொள்ளும். எந்திர வேலையில் ஒரு பொதுவிதி உண்டு. இழுப்பு எவ்வளவு விலகி இருக்கிறதோ, அதில் பாதியாவது தாங்கும் நீளம் இருக்க வேண்டும். 7 செ.மீ. உயர வித்தியாசம் என்றால் குறைந்தது மூன்றரை செ.மீ. அது எண்ணெய் போட்ட உலோகத்துக்குச் சரி, வீட்டில் ஆக்ஸா பிளேடால் வெட்டிய பைப்புக்கு அந்த எல்லை பத்தாது. 10 செ.மீ.க்குக் குறைவாகக் கிரிப் வெட்ட வேண்டாம் என்பது என் கருத்து. முன் சொன்ன நீளக் கணக்கோடு இது மோதும்தான். இடம் பத்தாவிட்டால் பேரலை நீட்டுங்கள், கிரிப்பைக் குறைக்காதீர்கள்.

ஒரு பக்கம் மட்டும் கம்பி போட்டிருந்தால் கோணாமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரண்டு பக்கமும் போட்டும் கோணுகிறதா? இரண்டு கம்பியின் ஓட்டைக்கு ஓட்டை தூரத்தை அளந்து பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் போதும், ஒரு கம்பியே எல்லாச் சுமையையும் சுமக்கும், மற்றது சும்மா கூட வரும். இரண்டு பட்டையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, டேப் சுற்றி, ஒரே துளையாகப் போட்டால் இந்தப் பிரச்சினையே வராது. பட்டறைகளில் அப்படித்தான் செய்வார்கள். ஓசூர்ப் பக்கம் லேத் பட்டறையில் தெரிந்தவர் இருந்தால் அலுமினியப் பட்டையில் அந்த நாலு ஓட்டையை மட்டும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மீதியெல்லாம் வீட்டிலேயே முடியும்.

பேரலையும் பைப்பால் நீட்டியிருந்தால், அந்தப் பைப்பும் அதன் மேல் ஓடும் கிரிப் பைப்பும் ஜோடி சேருவது முக்கியம். நம் கடைகளில் "ஒரு இஞ்ச்" என்று கேட்டால் இரண்டு விதம் வரும். கெட்டியான வெள்ளைப் பைப்பின் வெளி விட்டம் 33.4 மி.மீ., சாம்பல் நிறப் பைப்பில் 32 மி.மீ. ஷெட்யூல் 40 என்று போட்ட ஒன்றேகால் இஞ்ச் வெள்ளைப் பைப்பின் உள் விட்டம் சுமார் 35 மி.மீ. ஆக, வெள்ளைக்குள் வெள்ளை நன்றாக ஓடும், கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அது நல்லது. வெள்ளைக்குள் சாம்பல் போட்டால் லொடலொடக்கும். இரண்டு துண்டையும் கடையிலேயே ஒன்றுக்குள் ஒன்று விட்டுப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

ஓட்டம் வந்த பிறகும் கரகரவென்று இருந்தால் வெட்டிய விளிம்பின் பிசிறை உப்புத்தாளால் உள்ளும் வெளியும் தேய்த்து எடுங்கள். பேரலின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் கிழித்துப் போடுங்கள்.

டார்ட் மடிந்து சிக்குகிறது

ஸ்லைடைக் கையால் இழுத்த காலத்தில் சிக்காத துப்பாக்கி பம்ப் போட்டதும் சிக்க ஆரம்பிக்கும். காரணம் எளிது. பம்ப் வேகமாக ஓடுகிறது, விளையாட்டுச் சூட்டில் பசங்கள் முக்கால் தூரம் இழுத்துவிட்டு முன்னால் தள்ளிவிடுகிறார்கள். கேட்ச் விழுவதற்கு முன்பே போல்ட் டார்ட்டின் பின்பக்கத்தைத் தாண்டியிருக்கலாம். அப்போது தள்ளினால் டார்ட் உள்ளே போய்விடும், ஆனால் ஸ்பிரிங் ஏறியிருக்காது. மறுபடி இழுத்துத் தள்ளினால் இரண்டாவது டார்ட்டும் அதே குழாய்க்குள் மோதி மடியும். ஆகவே சிக்கிய டார்ட்டை எடுக்கும்போது எண்ணிக்கையைப் பாருங்கள். இரண்டு இருந்தால் அது கையின் கோளாறு, முழுத் தூரம் இழுக்கப் பழக்குங்கள். ஒன்றுதான் இருந்து அதுவும் நடுவில் மடிந்திருந்தால் டார்ட்டையோ மேகசினையோ சந்தேகப்படுங்கள்.

எலைட் டார்ட் சுமார் 72 மி.மீ. நீளம், அரை இஞ்ச் கனம். திருவிழாக் கடையில் பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கும் டார்ட்டுகளில் நீளம் ஒன்றுக்கொன்று மாறும், தலையும் பல விதம். உறிஞ்சி ஒட்டும் ரப்பர் தலை வைத்தது மேகசினில் போகவே போகாது, தலை அகலம். ஒரு வருஷமாக மேகசினிலேயே கிடந்து வளைந்த டார்ட்டும் அப்படித்தான். விரலில் வைத்து உருட்டிப் பாருங்கள், நொண்டினால் தூக்கிப் போடுங்கள்.

சிக்கியதை எடுக்கப் பம்பை முரட்டுத்தனமாக அடிக்காதீர்கள். மேகசினை எடுத்துவிட்டு, மேலே இருக்கும் ஜாம் கதவைத் திறந்து விரலால் எடுங்கள். பம்ப் பிராக்கெட் அந்தக் கதவை மறைக்கும்படி அமைந்திருந்தால் வடிவத்தையே மாற்றுங்கள். கதவு திறக்காத துப்பாக்கியோடு விளையாடவே முடியாது.

சத்தம் பலமாக வருகிறது, டார்ட் காலடியில் விழுகிறது

இது பம்பால் வரும் கோளாறு இல்லை என்று தோன்றும். ஆனால் பம்ப் மாட்டிய நாளிலிருந்து ஆரம்பித்திருந்தால் பம்ப் வேலைதான் காரணம். இரண்டு இடத்தில் பாருங்கள்.

ஒன்று, நீளத் திருகு. ஸ்லைடில் பிராக்கெட்டைப் பிடிக்கப் போட்ட திருகின் நுனி உள்ளே நீட்டிக்கொண்டு, உள்ளே ஓடும் பாகத்தை ஒவ்வொரு முறையும் உரசும். பிரித்துப் பார்த்தால் நேர்கோட்டில் கீறல் தெரியும். திருகை வெட்டிக் குட்டையாக்குங்கள், அல்லது வெளியே இன்னொரு வாஷர் சேருங்கள். இரண்டு, துளையிட்ட தூள். உடலைப் பிரிக்காமல் அதன் மேலேயே டிரில் ஓட்டினால் பிளாஸ்டிக் பிசிறும் அலுமினியத் தூளும் நேராகக் கிரீஸில் போய் ஒட்டும். காற்றைத் தள்ளும் பிளஞ்சரின் (உள்ளே ஓடும் பிஸ்டன்) தலையில் இருக்கும் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) அதன் மேல் ஓடி ஓடித் தேயும். காற்று பக்கவாட்டில் கசிந்துவிடும், டார்ட்டுக்குப் போய்ச் சேராது.

சோதிக்க, உடலைத் திறந்து பிளஞ்சரையும் குழாயையும் தனியாக எடுங்கள். குழாயின் முன் ஓட்டையை விரலால் அடைத்துக்கொண்டு பிளஞ்சரைக் கையால் தள்ளுங்கள். நல்ல சீல் என்றால் எதிர்த்து நிற்கும், விட்டால் பின்னால் வரும். வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் கசிவு. பழைய கிரீஸை வழித்துத் துடைத்துவிட்டு, ஓ-ரிங்கின் கீழே டெஃப்லான் டேப் ஒன்றிரண்டு சுற்றுப் போட்டு ஓ-ரிங்கை மேலே ஏற்றுங்கள், கொஞ்சம் பருத்து இறுக்கமாக உட்காரும். ரொம்பச் சுற்றினால் பிளஞ்சரே நகராது. ஓ-ரிங் கீறியிருந்தால் மோட்டார் பம்ப் ரிப்பேர் செய்பவரிடம் பழையதைக் காட்டி அதே அளவில் வாங்கலாம்.

மேலே தடவ சிலிக்கான் கிரீஸ்தான் வேண்டும். ஆர்.ஓ. வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் செய்பவர்களிடம் சின்ன டப்பாவாக இருக்கும், அவர்கள் ஓ-ரிங்குக்கு அதைத்தான் போடுவார்கள். வண்டிக்குப் போடும் கிரீஸும், துரு எடுக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். சில ரப்பர்களை அவை ஊத வைக்கும், சில பிளாஸ்டிக்கில் விரிசல் விழ வைக்கும். சிலிக்கானையும் மெல்லிய பூச்சாகப் போடுங்கள். கிருஷ்ணகிரியில் கிரானைட் அறுக்கும் பட்டறை அருகில் வீடு இருப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம், அந்த மாவுத்தூள் ஒட்டிய கிரீஸ் உப்புத்தாள் வேலை செய்யும்.

சோதிக்கிறேன் என்று டார்ட் இல்லாமல் மறுபடி மறுபடி டிரிக்கரை அழுத்தாதீர்கள். டார்ட் இருந்தால் அதற்குப் பின்னால் காற்று சிறிது தேங்கிப் பிளஞ்சரின் வேகத்தைக் குறைக்கும். அது இல்லாவிட்டால் பிளஞ்சர் தலை நேராகச் சுவரில் மோதும். விரிசல் விழுவது அப்படித்தான்.

தூரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2012ல் எலைட் வரிசை வந்தபோது 75 அடி என்று விளம்பரம் செய்தார்கள். அது மேல்நோக்கிச் சாய்த்துச் சுட்டால் போகும் தூரம். நேராகப் பிடித்துச் சுட்டு அதில் பாதி வந்தாலே துப்பாக்கி ஆரோக்கியமாக இருக்கிறது.

டார்ட் ஒரே பக்கமாக விலகிப் போனால்

முன்னால் மாட்டும் நீட்டிப்புப் பேரல் பம்ப் இழுப்பில் தளர்ந்து சாய்ந்திருக்கும், டார்ட் அதன் உள்சுவரை உரசிக்கொண்டு போகும். நீட்டிப்பைக் கழற்றிவிட்டுச் சுடுங்கள். நேராகப் போனால் இணைப்பில் டேப் ஒரு சுற்றுச் சுற்றி இறுக்கி மாட்டுங்கள்.

பிராக்கெட் பிய்ந்து வந்துவிட்டது

பசை நிற்காததற்கு ஒட்டும் பொருளே பெரும்பாலும் காரணம். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் உடைந்த தக்காளி கிரேடு (பிளாஸ்டிக் பெட்டி) தாராளமாகக் கிடைக்கும், கெட்டியான பிளாஸ்டிக், அறுப்பதும் சுலபம். அதை வெட்டி பிராக்கெட் செய்து அரால்டைட் போட்டு ஒட்டுவார்கள். அது பாலிஎத்திலீன். கடையில் கிடைக்கும் சாதாரணப் பசை எதுவும் அதைப் பிடிக்காது. ஃபெவிக்விக் ஆனாலும் எம்-சீல் ஆனாலும் காய்ந்த பிறகு நகத்தால் உரித்தால் தோல் மாதிரி வந்துவிடும். கிரேடு பிளாஸ்டிக்கைத்தான் பயன்படுத்துவேன் என்றால் போல்ட் போட்டே பிடியுங்கள்.

பி.வி.சி. துண்டில் செய்வது நல்ல வழி. பி.வி.சி. சுமார் 80 டிகிரியில் இளகும். கொதிக்கும் தண்ணீரில் பைப் துண்டைக் கொஞ்ச நேரம் போட்டு, இடுக்கியால் எடுத்து, இரண்டு பலகைக்கு நடுவே அழுத்தினால் தட்டையான தகடாகிவிடும். அடுப்பு நெருப்பில் நேரடியாகக் காட்டாதீர்கள், கருகினால் வரும் புகை மூக்கையும் கண்ணையும் அரிக்கும், அது அமிலப் புகை. காய்ச்சிய ஆணியால் ஓட்டை போடுவதும் அதே காரணத்துக்காக வேண்டாம். ஓட்டையின் விளிம்பும் நொறுங்கலாகிவிடும். டிரில் இல்லையென்றால் பக்கத்து எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் ஐந்து நிமிடம் கேட்டால் கொடுப்பார்.

ஸ்லைடிலேயே விரிசல் விழுந்துவிட்டால் அந்த இடத்தில் திருகு மறுபடி நிற்காது. உள்ளே அலுமினியத் தகடு ஒன்றை வைத்து, இழுப்பை நான்கு திருகுக்குப் பரப்புங்கள்.

காலையில் இறுக்கம், மதியம் சரி, அல்லது நேர்மாறாக

"வெயில்ல பைப் விரிஞ்சிடுச்சு" என்று சொல்வது தருமபுரியில் வழக்கம். ஏப்ரல், மே வெயிலில் அப்படிச் சொல்லத் தோன்றுவது இயற்கைதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 டிகிரி சூடு ஏறினால் ஒரு இஞ்ச் பி.வி.சி. பைப்பின் விட்டம் கூடுவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. வெளிப் பைப்பும் கூடவே விரிகிறது. அதனால் இறுகாது.

மதியம் இறுகினால் டேப்பைப் பாருங்கள். லொடலொடப்பைக் குறைக்க உள்ளே சுற்றிய டேப்பின் பசை சூட்டில் பிதுங்கி வெளியே வந்து ஒட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் இதில் பேர்போனது. அதைப் பிய்த்து, பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, இடைவெளிக்கு வேஷ்டிக் கரை மாதிரியான மெல்லிய துணிப்பட்டையோ ஃபெல்ட்டோ ஒட்டுங்கள். மண்ணெண்ணெய் பைப் மேல் மட்டும், துப்பாக்கி உடலில் படவேண்டாம்.

காலையில் இறுகி, வெயில் ஏறியதும் சரியானால் யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். ஓசூரில் மார்கழிக் காலையில் குளியலறை பாட்டிலில் எண்ணெய் உறைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 24 டிகிரிக்குக் கீழே அது கெட்டியாகும். பம்புக்குள்ளும் அதே நடக்கும், நாளாக ஆகப் பிசுபிசுப்பும் சேரும். துடைத்துவிட்டுச் சிலிக்கான் போடுங்கள், அல்லது ஒன்றும் போடாமலே ஓட்டிப் பாருங்கள். நன்றாகத் தேய்த்த பி.வி.சி.க்கு எண்ணெய் தேவையே படாது.

துப்பாக்கியை நிறுத்தி வைத்த காருக்குள் போட்டு வைத்து, அதற்குப் பிறகு கோணலாகிவிட்டதென்றால் அது வேறு விஷயம். கண்ணாடிக்குப் பக்கத்தில் வெயில் நேராக விழும் இடத்தில் பைப்பும் வளையும், எப்பாக்ஸிப் பசையும் இளகும்.

கிரிப் பேரலைச் சுற்றிச் சுழல்கிறது

இரண்டு கம்பியும் விறைப்பாக இருந்தால் சுழலாது. சுழன்றால் கம்பி மெல்லியது, மேலே சொன்னபடி மாற்றுங்கள்.

பெரிய ஸ்பிரிங் போடலாமா

பம்ப் வந்ததும் இழுப்பது சுலபமாகிறது, உடனே "அண்ணா, இன்னும் கெட்டி ஸ்பிரிங் போட்டா?" என்ற கேள்வி வரும். மேலே உள்ள எந்த அறிகுறியும் இல்லாமல் பம்ப் நன்றாக ஓடும் வரை அந்தப் பேச்சே வேண்டாம். ஸ்பிரிங் பலம் கூடினால் கம்பி நெளிவதும், ஓட்டை கிழிவதும், கிரிப் கோணுவதும் கூடவே அதிகமாகும். கேட்ச் சின்னப் பிளாஸ்டிக் துண்டு, அதன் விளிம்பு மழுங்கினால் தானாகவே விடுபட ஆரம்பிக்கும். கையில் பம்ப் பிடித்திருக்கும்போது ஸ்லைடு பாய்ந்தால் விரலுக்கு அடி. சின்னப் பசங்களோடு விளையாடும் துப்பாக்கிக்கு ஒரிஜினல் ஸ்பிரிங் போதும்.

அதேபோல் கறுப்பு பெயின்ட் அடிக்கவும் வேண்டாம், முன்னால் இருக்கும் ஆரஞ்சு நுனியை வெட்டவும் வேண்டாம். பம்ப் போட்ட பிறகு தூரத்திலிருந்து பார்த்தால் இது ஏற்கெனவே பொம்மை மாதிரி இல்லை. அதைப் பைக்கில் குறுக்காக மாட்டிக்கொண்டு ஜூஜூவாடி சோதனைச்சாவடியைக் கடந்து பெங்களூரு போகிற யோசனை இருந்தால், பிரித்து ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

கேட்ச்சே தேய்ந்து போனால்

க்ளிக் விழுந்த பிறகு, டிரிக்கரைத் தொடாமலே, பம்பை முன்னால் தள்ளும்போது சுட்டுவிடுகிறது என்றால் கேட்ச்சின் விளிம்பு போய்விட்டது. அரத்தால் கூராக்கலாம் என்று சொல்வார்கள். ஒன்றிரண்டு விளையாட்டு ஓடும், அப்புறம் மறுபடி அதே கதை. இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. அதே மாடலின் உடைந்த துப்பாக்கி யாரிடமாவது கிடைத்தால் அதிலிருந்து கேட்ச்சை எடுத்துப் போடுங்கள். அதுவரை அந்தத் துப்பாக்கியில் டார்ட் போடாதீர்கள், பம்பைக் கழற்றி எடுத்து வையுங்கள். கழற்றிய ஒரிஜினல் திருகுகளைத் தனி டப்பாவில், எது எந்த ஓட்டை என்று எழுதி வைத்திருந்தால் திரும்ப மாட்டுவது சுலபம். நீளம் மாறிப் போட்டால் மறுபடியும் உள்ளே உரசும்.